விழுந்ததற்கும் திரும்பியதற்கும் நடுவிலுள்ள நாட்கள்: சந்தேகம், சோதனை, மன்னிப்பு

கேள்வியின் சுருக்கம்: "ஞானஸ்நானம் எடுத்து ஆறு வருடமாகிறது. கடவுள் இருக்கிறாரா என்றே சில நாள் சந்தேகம் வருகிறது. இரவில் மொபைலில் ஆபாசம் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை. அப்பா இறந்தபின் வீட்டை அண்ணன் தனக்கே எடுத்துக்கொண்டார். அவரை மன்னிக்க முடியவில்லை; பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை விழுந்தபின்பும் இரண்டு மூன்று வாரம் ஜெபிப்பதில்லை, திருவிருந்தும் எடுப்பதில்லை. என் விசுவாசம் செத்துவிட்டதா?"

இல்லை, சகோதரரே. செத்துப்போன விசுவாசத்துக்கு இவ்வளவு வலி இருக்காது. உங்கள் கேள்வியில் சந்தேகம், ஆபாசம், அண்ணன் என்று மூன்று பாரங்கள் இருக்கின்றன. ஆனால் உங்களை அதிகமாகச் சேதப்படுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன நான்காவது விஷயம்தான்: விழுந்தபின் விலகி நிற்கிற அந்த இரண்டு மூன்று வாரம். முதலில் சரிசெய்ய வேண்டியது அதுவே. அதைச் சரிசெய்தால் மற்ற மூன்றும் ஒரே நாளில் தீராது. ஆனால் தீரத் தொடங்கும்.

லூக்கா 22:31, 32 வசனங்களைத் திறந்து வைத்துப் படியுங்கள். கோதுமையைச் சுளகில் புடைப்பதுபோல் சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டான் என்று பேதுருவிடம் சொல்லிவிட்டு, இயேசு சொல்கிறார்: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து." பேதுரு விழக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டதாக அங்கே எழுதப்படவில்லை. சேவல் கூவுவதற்குள் மூன்று முறை மறுதலிப்பான் என்பதை 34-ஆம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். விழுவான், ஆனாலும் விசுவாசம் ஒழியாது, திரும்புவான், திரும்பியபின் அவனுக்கு வேலையும் இருக்கிறது. நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அப்படியானால் விசுவாசத்தின் அளவுகோல் எத்தனை முறை விழவில்லை என்பது மட்டுமல்ல, விழுந்தவன் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறான் என்பதும்தான். அதே இரவில் யூதாசும் இயேசுவைக் காட்டிக்கொடுத்தான். மத்தேயு 27:3, 4 படி அவனும் மனஸ்தாபப்பட்டான், "பாவஞ்செய்தேன்" என்றும் சொன்னான். ஆனால் பிரதான ஆசாரியரிடம் போய்ச் சொன்னான், ஆண்டவரிடம் திரும்பவில்லை.

ஆகவே இன்றிலிருந்து ஒரு நடைமுறை வேண்டும். விழுந்த அன்று, தூங்குவதற்கு முன், முழங்காலில் இரண்டு நிமிடம். நீண்ட ஜெபம் வேண்டாம், வாக்குறுதிகளும் வேண்டாம். செய்ததை அதன் பெயரால் சொல்லுங்கள். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ வாய்விட்டுப் படியுங்கள். மறுநாள் காலை ஜெபத்தை வழக்கமான நேரத்தில் செய்யுங்கள். "இனி ஒருபோதும் செய்யமாட்டேன்" என்ற சபதத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சபதம் முறியும்போது பாவத்தோடு பொய் சொன்ன குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. அதுதான் ஒரு நாளில் திரும்ப வேண்டியவரை மூன்று வாரம் தள்ளி நிறுத்துகிறது.

திருவிருந்து பற்றி ஒரு வார்த்தை. தகுதியில்லாமல் புசிக்கிறவன் குற்றவாளி என்று எச்சரிக்கும் 1 கொரிந்தியர் 11-ஐப் பயந்துதான் நீங்கள் விலகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். 28-ஆம் வசனத்தைக் கவனியுங்கள்: தன்னைத்தானே சோதித்தறிந்து, "இந்த அப்பத்தில் புசித்து" என்றுதான் பவுல் எழுதுகிறார். சோதித்தறிந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவர் அங்கே கண்டிக்கும் குற்றமும் வேறு: 21, 22 வசனங்களில், சிலர் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நிற்கிறார்கள். மனந்திரும்ப மனமில்லாமல், துணிந்து அந்தப் பந்தியில் உட்காருவது ஆபத்துதான். உடைந்த மனதோடு வருகிறவருக்காகத்தான் அந்தப் பந்தியே போடப்பட்டிருக்கிறது. நீங்கள் கத்தோலிக்கர் என்றால் ஒழுங்கு வேறு: கனமான பாவம் இருந்தால் முதலில் ஒப்புரவு அருட்சாதனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை), பிறகு நற்கருணை. அப்போதும் மூன்று வாரம் காத்திருக்கக் காரணமில்லை. அந்த வாரமே குருவானவரைப் பாருங்கள்.

இனி சந்தேகம். எல்லாச் சந்தேகத்துக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் சபைகளில் அதிகம் நடக்கும் தவறு. "ஜெபம் பண்ணுங்க, சரியாயிடும்" என்பது சிலருக்குப் பொருந்தும். சிலருக்குத் தீங்கு செய்யும். ஒரு சின்ன நோட்டில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: சந்தேகம் வந்த நேரம், அதற்கு முன் நடந்தது, சந்தேகத்தின் வாசகம். இரண்டு வாரத்தில் அது எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

புத்தியில் எழும் கேள்வி என்றால் வாசகம் தெளிவாக இருக்கும்: உயிர்த்தெழுதலை எப்படி நம்புவது, ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எப்படி வாசிப்பது. இதற்குப் படிப்புதான் மருந்து. ஒரு மாதத்துக்கு ஒரு கேள்வி மட்டும் எடுங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யூடியூபில் இரவு பன்னிரண்டு மணிக்கு இரு தரப்பு விவாதங்களையும் மாறிமாறிப் பார்ப்பது படிப்பு ஆகாது. உயிர்த்தெழுதல்தான் கேள்வி என்றால் 1 கொரிந்தியர் 15:3-8-இல் தொடங்குங்கள். அந்த நிருபம் கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்டது. சிலுவைக்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ 25 ஆண்டுகள்தான். ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கண்டார்கள், "அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள்" என்று பவுல் எழுதும்போது, போய் விசாரிக்க முடிந்த ஆட்களைச் சுட்டிக்காட்டுகிறார்.

காயத்திலிருந்து வரும் சந்தேகம் வேறு. அப்பாவுக்காக ஜெபித்தும் அவர் இறந்துபோனார் என்றால், அங்கே கேள்வி புத்தியில் இல்லை. ஆதாரங்களை அடுக்கினால் எரிச்சல்தான் வரும். இதற்குப் புலம்பல் சங்கீதங்கள் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதத்தில் மொத்தம் 6 வசனங்கள். முதல் இரண்டில் முறையீடு, "எதுவரைக்கும்" என்று நான்கு முறை. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில் நம்பிக்கை. இதே அமைப்பில் உங்கள் ஜெபத்தை எழுதுங்கள். பலர் முதல் பகுதியை அவிசுவாசம் என்று தவிர்த்துவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்குத் தாவுகிறார்கள். அதனால்தான் அந்த நம்பிக்கை வாயளவில் நிற்கிறது. கடைசிப் பகுதிக்கு வரவே முடியாத நாளும் உண்டு. அன்றைக்கு 88-ஆம் சங்கீதம். அது விடியல் எதுவும் இல்லாமலே முடிகிறது. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது வகை, வெறும் களைப்பு. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்கிறார். தேவதூதன் முதலில் கொண்டுவந்தது போதனை அல்ல, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். ஓரேப் மலையில் கடவுளின் கேள்வி வந்தது அதற்கு அப்புறம்தான். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்குகிறவருக்குக் கடவுள் தூரமாகத் தெரிவது ஆவிக்குரிய வீழ்ச்சி ஆகாது.

நான்காவது வகையை அடையாளம் காண்பது மிக முக்கியம். தேவதூஷணமான வார்த்தைகள் தானாக மனதுக்குள் வந்து விழுவது, பரிசுத்த ஆவிக்கு விரோதமாகப் பாவம் செய்துவிட்டேனோ என்று நாள் முழுக்கப் பயப்படுவது, ஒரே பாவத்தைப் பத்துமுறை அறிக்கையிட்டும் திருப்தி வராதது. அந்தப் பாவத்துக்கு மன்னிப்பில்லை என்ற எச்சரிப்பை இயேசு ஏன் சொன்னார் என்று மாற்கு 3:30 காரணம் தருகிறது: அவருடைய செயலையே அசுத்த ஆவியின் வேலை என்று வேதபாரகர் சொன்னார்கள். பயந்து அழுகிறவர் அந்த இடத்தில் இல்லை. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே வேதனையில் தற்கொலை எண்ணம் வரைக்கும் போனார். பழைய பாவங்களை மறுபடி மறுபடி அறிக்கையிடுவதை நிறுத்திய பிறகே விடுதலை பெற்றார். இன்று இது பல நேரங்களில் மனநல மருத்துவர் குணப்படுத்தக்கூடிய நிலை. மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு அல்ல. தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் இன்றே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

உங்கள் சந்தேகத்தில் இன்னொரு நூலும் இருக்கலாம். குறிப்பு எழுதிப் பார்த்தால், அது அதிகமாக வருவது விழுந்த மறுநாளா, விழுவதற்குச் சற்று முன்பா என்று பாருங்கள். மறுநாள் என்றால் அது வெட்கத்தின் பேச்சு. சற்று முன்பு என்றால், "அவர் இல்லை என்றால் இது தப்பும் இல்லை" என்று ஆசை தனக்கு வக்கீல் வைக்கிறது. இரண்டுக்கும் தர்க்கத்தில் பதில் தேடி அலையாதீர்கள், பழக்கத்தைக் கவனியுங்கள். எந்த வகையானாலும் ஒரு விதி பொருந்தும். இருண்ட நாளில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் ஒழுங்கு. சபையை விடுவது, பைபிளைத் தூக்கி உள்ளே வைப்பது போன்ற முடிவுகள் வெளிச்சமான நாளுக்குக் காத்திருக்கட்டும். அந்த நாளில் ஜெபத்துக்குக் குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும் என்றும் அவர் கற்பிக்கிறார்; பத்து நிமிடம் ஜெபிக்கிறவருக்கு அது பதினோரு நிமிடம். தோமாவைப் பாருங்கள். இயேசு உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும், எட்டு நாளைக்குப் பின் மற்ற சீஷரோடு அதே வீட்டில்தான் இருந்தார். அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார்.

ஆபாசப் பழக்கத்துக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி (இறப்பு 399) சோதனையின் நடையை மிக நுட்பமாக எழுதி வைத்தவர். கான்ஸ்டான்டிநோபிளில் மணமான ஒரு பெண்மீது கொண்ட காதலிலிருந்து தப்ப ஊரைவிட்டே கப்பலேறியவர்; ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. அவர் சொல்வது: எண்ணம் வந்து தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது. இது யாக்கோபு 1:14, 15-க்குப் பொருந்துகிறது. இழுக்கப்படுதல், சிக்குண்ணுதல், கர்ப்பந்தரித்தல், பிறப்பித்தல் என்று அங்கே படிகள் இருக்கின்றன. எண்ணம் வந்த நொடியிலேயே "விழுந்துவிட்டேன்" என்று தீர்ப்பளிக்கிறவர், எப்படியும் விழுந்தாயிற்றே என்று மீதிப் படிகளையும் இறங்கிவிடுகிறார். எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 இயேசுவைச் சொல்கிறது. அப்படியானால் சோதிக்கப்படுவது பாவம் அல்ல.

போராட்டத்தை இரவு பதினொன்றரைக்கு, கையில் போனோடு, விளக்கணைத்த அறையில் தொடங்கினால் பெரும்பாலும் தோற்பீர்கள். அது ஒன்பது மணிக்கே தொடங்க வேண்டும். கடைசி ஐந்து முறை விழுந்ததை நினைவுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் முந்திய இரண்டு மணி நேரத்தை எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், சாப்பிட்டீர்களா, யாரோடு சண்டை, எந்த செயலியில் தொடங்கியது. அண்ணனோடு போனில் பேசிய இரவுகள் அந்தப் பட்டியலில் இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். கோபமும் தனிமையும் சேர்ந்த இரவில் இந்தச் சோதனை மிக எளிதாக உள்ளே வருகிறது.

பிறகு சோதனை வரும் வழியை அடைத்துவிடுங்கள். போன் படுக்கையறையில் தூங்கக்கூடாது. காலையில் எழ ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். ஹாஸ்டலில் தனி அறை இல்லையென்றால் போனை அணைத்துப் பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை அறைத் தோழரிடம் கொடுங்கள். தடுப்புச் செயலி போட்டால் அதன் கடவுச்சொல்லை இன்னொருவர் வைத்திருக்க வேண்டும். நீங்களே வைத்திருந்தால் அது மூன்று நாள்தான் தாங்கும். எண்ணம் வந்தால் அதோடு வாதாடாதீர்கள், எழுந்து இடம் மாறுங்கள். தன்னை ஆசைகாட்டி அழைத்த எஜமான் போத்திபாரின் மனைவியிடம் யோசேப்பு முதலில் மறுத்துப் பேசினார். அவள் வஸ்திரத்தைப் பற்றிப் பிடித்த நாளில் பேசவில்லை, ஓடினார். "விலகியோடுங்கள்" என்று 1 கொரிந்தியர் 6:18 சொல்வதும் அதைத்தான். தப்பிக்கொள்ளும் போக்கை உண்டாக்குவார் என்ற 1 கொரிந்தியர் 10:13-இன் வாக்குத்தத்தம் பல இரவுகளில் ஒரு கதவாகத்தான் இருக்கும்: வெளியே வந்து, வெளிச்சத்தில், ஆட்கள் இருக்கும் இடத்தில் உட்காருவது.

வசனத்தை முன்கூட்டியே தயாராக வையுங்கள். வனாந்தரத்தில் சாத்தான் சோதித்தபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6 முதல் 8 வரையிலான பகுதியிலிருந்தே வந்தவை (8:3, 6:16, 6:13). மூன்றும் ஒற்றை வாக்கியம். எவாக்ரியுஸ் இதைப் பின்பற்றி, எட்டு வகை தீய எண்ணங்களுக்கு ஏறத்தாழ 500 பதில்களை வேதத்திலிருந்து தொகுத்து வைத்தார். உங்களுக்கு 500 வேண்டாம், மூன்று போதும். அவை மனப்பாடமாக இருக்கட்டும். சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான் என்பதை மறக்காதீர்கள். "அவர் எப்படியும் மன்னிப்பார்" என்று விழுவதற்கு முன் காதில் விழும் வசனம் ஆண்டவர் அனுப்பியது அல்ல.

ஒருவரிடம் சொல்லுங்கள். இதை எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள்; பழக்கம் உடைவதோ பெரும்பாலும் இதில்தான். சோதனைக்காரன் ரகசியம் காக்கப்படுவதையே விரும்புகிறான், வெளியே சொன்னதும் அவன் திட்டம் கெடுகிறது என்று இஞ்ஞாசியார் எழுதினார். யாக்கோபு 5:16-உம் ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: உங்களைவிட மூத்தவர், உங்கள் பாலினத்தவர், மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவர். பிறருடைய பாவத்தை ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவரிடம் எக்காரணத்தைக் கொண்டும் போகாதீர்கள். வாரம் ஒரு நாள், குறித்த நேரம், பத்து நிமிடம் போதும்.

ஒரு எச்சரிக்கை: "சுத்தமான நாட்களை" மட்டும் எண்ணாதீர்கள். நாற்பது நாள் தாண்டி ஒருநாள் விழுந்தால் எண்ணிக்கை பூஜ்யமாகிறது. மனம் உடைந்து அந்த வாரம் முழுவதும் போய்விடுகிறது. அந்த நாற்பது நாளும் உண்மையானவை. மாதத்துக்கு எத்தனை முறை, விழுந்தபின் எத்தனை மணி நேரத்தில் திரும்பினீர்கள் என்ற இரண்டை மட்டும் குறியுங்கள்.

அடுத்து அண்ணன். மத்தேயு 18-இன் உவமையில் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன். ராஜா அதை முழுவதும் மன்னித்துவிடுகிறார். அவனோ தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய இன்னொருவனை மன்னிக்கவில்லை. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. முதல் கடன் 6 கோடி நாள் கூலி, அதாவது 1,60,000 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலும் தீராது. பிரசங்கங்களில் இதைச் சொல்லிவிட்டு, நூறு வெள்ளிப்பணத்தை அற்பம் என்று கடந்துவிடுவார்கள். அது அற்பம் அல்ல. இன்றைய நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்தால் 80,000 ரூபாய். உங்களுக்கு வரவேண்டிய கடன் நிஜமானது என்று இயேசுவே ஒத்துக்கொள்கிறார். எனவே மன்னிப்பின் முதல் படி "பரவாயில்லை" என்பது அல்ல, கணக்கு எழுதுவது. அண்ணன் என்ன எடுத்தார், என்ன சொல்லி ஏமாற்றினார், அதனால் நீங்கள் இழந்தது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். தொகை தெரியாத கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

கணக்கு சரியாக இருக்க ஒரு சட்ட விவரமும் தேவை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அவருடைய சொத்தில் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வேறுபாடு இல்லாமல். அம்மா இல்லையென்றால் முழுவதும் பிள்ளைகளுக்குச் சமம். உயில் இருந்தால் நிலைமை மாறும். ஒரு வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். இதைச் சொல்லக் காரணம், மன்னிப்பதற்கு உரிமையை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று பலரும் நினைப்பதுதான். மன்னிப்பு என்பது பழிவாங்கும் உரிமையை ஆண்டவரிடம் ஒப்படைப்பது. பங்கைக் கேட்பது வேறு காரியம். விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனப்பூர்வமாக முடிந்தால் அது நல்லது, பவுலும் 1 கொரிந்தியர் 6:7-இல் அந்த வழியைக் காட்டுகிறார். ஆனால் அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ உரிய பங்கை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.

கேட்கும் ஒழுங்கு மத்தேயு 18:15-17-இல் இருக்கிறது. முதலில் தனியாக, நேரில். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சொந்தங்கள் நடுவே அல்ல. கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரோடு. அண்ணனும் மதிக்கும் பெரியவர்களாக இருக்கட்டும். பிறகு சபை. அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசம் தேடலாம். நீதிமன்றத்துக்கு முன் அது ஒரு நல்ல படி.

மன்னிப்பும் ஒப்புரவும் ஒன்றல்ல. முதலாவது உங்கள் ஒருவரால் முடியும். இரண்டாவதற்கு அண்ணனும் வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18 எல்லை போடுகிறது. யோசேப்பு தன் சகோதரரால் விற்கப்பட்டபோது வயது 17. சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்தியபோது ஏறத்தாழ 39. அதற்கு முன் அவர்களைச் சோதித்தார். கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாகிறேன் என்று அண்ணன்களில் ஒருவரான யூதா சொன்ன பிறகுதான் அழுது வெளிப்பட்டார். அவர்கள் மாறிவிட்டதைப் பார்த்த பிறகே நம்பிக்கை வைத்தார். வீட்டில் அடி உதை நடக்கும் இடத்தில் "மன்னித்துத் திரும்பிப் போ" என்று ஒரு பெண்ணை அனுப்பும் ஆலோசனை ஏன் தவறு என்பதும் இதில் தெரிகிறது. மன்னிப்பு அவளுடைய பாதுகாப்பை விலையாகக் கேட்பதில்லை. அந்த நிலையில் 181 மகளிர் உதவி எண் முதலில், ஒப்புரவுப் பேச்சு பிறகு.

கணக்குத் தாளை எழுதி முடித்ததும் அதை வைத்துக்கொண்டு ஜெபியுங்கள்: "ஆண்டவரே, இவ்வளவும் எனக்கு வரவேண்டும். பழிவாங்கும் பொறுப்பை உம்மிடம் விடுகிறேன்." அன்றிலிருந்து தினமும் அண்ணனுக்காக ஒரே வரி, அவருடைய பிள்ளைகளின் பெயர் சொல்லி. முதல் வாரங்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். அது வேஷம் அல்ல, கீழ்ப்படிதல். மறுபடி கோபம் பொங்கினால் மன்னிக்கவே இல்லை என்று அர்த்தமாகாது. "ஏழெழுபதுதரமட்டும்" என்பதில், அதே ஒரு குற்றம் நினைவுக்கு வரும் ஒவ்வொரு தரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அவசரப்பட்டு "மன்னித்துவிட்டேன்" என்று சபையில் சாட்சி சொல்லாதீர்கள். உள்ளே புண் ஆறுவதற்குள் வெளியே அறிவிப்பு வந்தால், அடுத்த கோபத்தை மறைக்க வேண்டிவரும்.

பரமண்டல ஜெபத்தில் அந்த வரிக்கு வாயை மூட வேண்டாம். சொல்ல முடியாத நாளில் அந்த இடத்தில் நிறுத்தி, மாற்கு 9:24-இல் பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த தகப்பனுடைய ஜெபத்தின் அமைப்பில் ஜெபியுங்கள். அவர் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றார். நீங்கள் "மன்னிக்க விரும்புகிறேன் ஆண்டவரே, என் மன்னியாமை நீங்கும்படி உதவிசெய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அந்தத் தகப்பனின் பிள்ளை அரைகுறை விசுவாசத்தோடு கேட்ட அன்றைக்கே சுகமானான்.

எல்லாவற்றையும் இந்த வாரமே தொடங்காதீர்கள், இரண்டாம் வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். முதல் வாரம் இரண்டு: போன் படுக்கையறைக்கு வெளியே, விழுந்தால் அதே இரவில் இரண்டு நிமிடம். இரண்டாம் வாரம் சந்தேக நோட்டு. மூன்றாம் வாரம் பேச வேண்டிய அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து நேரம் கேளுங்கள். அண்ணனின் கணக்குத் தாள் நான்காம் வாரத்துக்கு. அதை இரவில் எழுத வேண்டாம், ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள். அடுத்த திருவிருந்து எந்த ஞாயிறு என்று இன்றே போதகரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.